மர ரோலர் கோஸ்டரும் அதைக் காக்கும் தச்சர்களும்

சித்திரை மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குச் சென்று ராட்டினத்தில் ஏறி இறங்கிய சுருளிப்பட்டி வாசகர்களுக்கு, உயரத்தினின்று விரைந்து இறங்கும்போது அடிவயிற்றில் உண்டாகும் அந்த விசித்திர உணர்ச்சியை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அவ்வுணர்ச்சியையே பிரதானமாகக் கொண்டு, மரச்சட்டங்களால் மேடும் பள்ளமுமாக ஒரு மலைத்தொடரையே எழுப்பி, அதன்மீது மனிதரை ஏற்றிய வண்டித்தொடரை ஓடவிடும் யந்திரமே மர ரோலர் கோஸ்டர்.

வண்டிக்கு எஞ்சின் கிடையாது. முதல் மேட்டின் உச்சிவரை சங்கிலியோ கம்பிவடமோ அதை இழுத்துச் சென்று விட்டுவிட்டால், எஞ்சிய பிரயாணம் முழுவதையும் பூமியின் ஆகர்ஷண சக்தியே நடத்தி முடிக்கிறது. மேகமலையில் தேங்கும் இரவங்கலாற்று நீர் குழாய்வழி இறங்கிச் சுருளியாறு மின் நிலையத்தில் மின்சாரம் எடுக்க உதவுவதும் இதே நியதியால்தான். உராய்வும் காற்றும் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்வதால், பின்வரும் மேடு எதுவும் முதல் மேட்டின் உயரத்தை எட்ட இயலாது.

ரஷ்ய தேசத்தார் குளிர்காலத்தில் மரச் சாரங்களின்மேல் பனிக்கட்டி பரப்பிச் சறுக்கி மகிழ்ந்ததே இதன் பூர்வீகம். 1817இல் பாரிஸ் நகரத்தார் அந்த விளையாட்டுக்குச் சக்கர வண்டிகளைச் சேர்த்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மலைமேலிருந்து நிலக்கரியை இறக்குவதற்காக 1827இல் போடப்பட்ட இருப்புப்பாதையில், நாளடைவில் ஜனங்கள் காசு கொடுத்துச் சவாரி செய்யலாயினர். 1884இல் லாமார்க்கஸ் தாம்ஸன் என்பவர் நியூயார்க்கின் கோனி தீவில் இதனை உல்லாசத்திற்கென்றே நிறுவினார். மணிக்கு 6 மைல் வேகம், 5 சென்ட் கட்டணம். தண்டவாளத்தின் அடிப்புறத்தையும் பற்றி ஓடும் சக்கரத்திற்கு ஜான் மில்லர் 1919இல் உரிமை பெற்ற பின்னரே, வண்டி பாதையை விட்டு எழும்பும் அபாயமின்றிச் செங்குத்தான இறக்கங்களை அமைக்க முடிந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும் பின்வந்த யுத்தமும் இவற்றுள் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டன என்பது மிகவும் வருந்தத்தக்கது.

எனினும் இவ்யந்திரத்தின் உண்மையான பெருமை அதன் வேகத்தில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது என்பதே என் துணிபு. பைன் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்குகள் வைத்துப் பிணைத்து, மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு நம் ஊர்களில் இரும்புப் பட்டா போடுவதுபோல, சக்கரம் உருளும் இடத்தில் எஃகுப் பட்டையைப் பதித்து இப்பாதையை உருவாக்குகிறார்கள். மரமோ மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதனால் முறுக்கிய மரையாணிகள் தாமே தளரும். ஆகவே தச்சர்கள், ஜனங்கள் வருவதற்கு முன் காலைதோறும் பாதை முழுவதும் ஏறி நடந்து, வெடித்த பலகையையும் நெகிழ்ந்த ஆணியையும் தேடிக் கண்டு செப்பனிட்ட பிறகு, வெறும் வண்டியைப் பரிசோதனையாக ஓடவிட்டு, அதன் ஓசையிலும் ஆட்டத்திலும் மாறுதல் உண்டா என்று கவனிக்கிறார்கள். வண்டி கடக்கையில் சாரம் சற்றே அசைவதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. அவ்வாறு அசைவதற்கு இடம் வைத்தே அதனைக் கட்டியிருக்கிறார்கள். சிறிதும் வளைந்துகொடாத சாரத்தில் அதிர்ச்சி முழுவதும் மூட்டுகளையே தாக்கும். பள்ளங்களின் அடியிலும் வளைவுகளிலும் தேய்மானம் மிகுதியாதலால், அவ்விடத்துப் பலகைகளைக் குளிர்கால ஓய்வின்போது கழற்றிப் புதியன பூட்டுவது வழக்கம். இவ்வாறு ஆண்டுதோறும் பகுதி பகுதியாக மாற்றிவருவதால், பழைய கோஸ்டர் ஒன்றில் ஆதியில் வைத்த மரம் மிகச் சிறிதளவே எஞ்சியிருக்கும்.

இந்தக் கைங்கரியம் நின்றுபோனால் விளைவு என்ன என்பதற்குப் பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1902இல் கட்டிய 'லீப் தி டிப்ஸ்' சாட்சி. 41 அடி உயரமே உடைய அது 1985இல் மூடப்பட்டுப் பழுதுற்றுக் கிடந்தது. அன்பர்கள் பொருள் திரட்டிப் புதுப்பித்து 1999இல் மீண்டும் ஓடவைத்தனர். மெல்போர்ன் நகரின் லூனா பார்க்கில் 1912 டிசம்பர் 13ஆம் தேதி திறக்கப்பட்ட சீனிக் ரயில்வேயோ, உலகிலேயே மிக நீண்டகாலம் இடையறாது இயங்கிவரும் ரோலர் கோஸ்டர் என்னும் புகழுடையது. அதன் வண்டித்தொடரின் நடுவே ஒருவர் நின்றுகொண்டு, வேகத்தைத் தாமே கணித்துப் பிரேக்கை இழுக்கிறார்.

அந்நகரில் குடியேறிய உறவினரைக் காணச் செல்லும் நம்மவர், அதில் ஏறுவதற்கு முன் சிறிது நேரம் ஒதுக்கி, அதன் மரச்சட்டங்களையும் பூட்டுகளையும் நின்று பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.