புதிய லேப்டாப் வாங்கும் முன் பரணைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? அல்லது எதை வாங்குவது என்று கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர். வேலை பெங்களூரில், சொந்த ஊர் நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டி. ஊருக்குப் போனால் "எந்த லேப்டாப் நல்லது?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். 2025 ஜூன் மாதம் கேட்டவர் என் சித்தப்பா. சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. மகள் பி.காம். சேரப் போகிறாள். அவர் கையில் நான்காக மடித்த ஒரு முழுப்பக்க விளம்பரம் இருந்தது.

"கண்ணு, இதுல ஏ.ஐ. இருக்குதாம். 78 ஆயிரம். வட்டியில்லாத இ.எம்.ஐ.ங்கறான். பாப்பாவுக்கு இதையே எடுத்துரலாமா?"

எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பணம் எந்த வெங்காயத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து விளம்பரத்தை வரி வரியாகப் படித்தோம்.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

"18 மணி நேரம் வரை பேட்டரி" என்று இருந்தது. இதில் கவனிக்க வேண்டிய சொல் "வரை". பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் எறும்பு போன்ற எழுத்தில், திரை வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ மட்டும் ஓட்டிச் சோதித்த கணக்கு என்று இருந்தது. நாலைந்து டேப்களைத் திறந்து, வை-ஃபையும் போட்டு வேலை செய்யும்போது அந்த நேரம் கிடைக்காது.

அடுத்தது 512 ஜிபி. வாங்கி வந்து விண்டோஸில் பார்த்தால் சுமார் 476 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதை 107 கோடியே 37 லட்சம் பைட்டாகக் கணக்கிடுகிறது. இரண்டு அளவுகோல், ஒரே பெயர், வித்தியாசம் அவ்வளவே.

மூன்றாவது ஏ.ஐ. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் "கோபைலட் பிளஸ் பி.சி." என்ற வகையை அறிவித்தது. அதற்கு 16 ஜிபி ராமும், விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடக்கூடிய என்.பி.யு. என்ற தனிப் பகுதியும் தேவை. சில ஏ.ஐ. வேலைகளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்ய இது உதவும். ஆனால் பிரவுசரைத் திறந்து சாட்ஜிபிடியிடம் கேள்வி கேட்டால், பதிலைத் தயாரிப்பது எங்கோ இருக்கும் அந்த நிறுவனத்தின் சர்வர். உங்கள் லேப்டாப் அதைத் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். அதற்கு எட்டு வருடப் பழைய கம்ப்யூட்டரும் போதும்.

கடைசியாக வட்டியில்லாத இ.எம்.ஐ. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி பொருளின் விலையிலோ, பிராசசிங் கட்டணத்திலோ, நீங்கள் இழக்கும் தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும். "மொத்தப் பணமும் இப்போதே தந்தால் என்ன விலை?" என்று கேளுங்கள். வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இது புதிய பழக்கம் அல்ல

2000-களில் ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. நினைவிருக்கும். பெட்டியில் "1000 வாட்ஸ்" என்று இருக்கும். அதன் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 12 வாட்ஸ். உள்ளே போவதே 12 என்றால் வெளியே 1000 எப்படி வரும்?

பிராசசரிலும் இதே கதைதான். இன்டெல் 2000 நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ வெளியிட்டது. சில வேலைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 அதை முந்தியது. மக்கள் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வாங்கியதால், ஏ.எம்.டி. 2001-ல் 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய தன் பிராசசருக்கு "அத்லான் எக்ஸ்பி 1800+" என்று பெயர் வைத்தது. 2006-ல் கோர் 2 டுவோ வந்தபோது, இன்டெலே குறைந்த கிகாஹெர்ட்ஸில் அதிக வேலை செய்து காட்டியது. அன்று கிகாஹெர்ட்ஸ், இன்று ஏ.ஐ.; பெரிய எழுத்தில் இருப்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

பரணில் இருந்த லேப்டாப்

சித்தப்பாவிடம் "ஒரு வாரம் பொறுங்க" என்றேன். எங்கள் வீட்டுப் பரணில் என் முதல் லேப்டாப் இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா லேப்டாப் திட்டத்தில், 2014-ல் பிளஸ் டூ படிக்கும்போது எனக்குக் கிடைத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். நான் முதல் புரோகிராம் எழுதியது அதில்தான். அது இல்லாவிட்டால் இன்று நான் இந்த வேலையில் இருந்திருப்பேனா என்பது சந்தேகமே.

தூசி தட்டி ஆன் செய்தேன். டெஸ்க்டாப் வர நான்கு நிமிடம் ஆனது. முக்கியக் காரணம் ஹார்ட் டிஸ்க். அதில் சுழலும் தட்டின் மீது ஒரு ஊசி நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது. அதனால் தேடும் நேரம் பல மடங்கு குறைகிறது. பழைய போட்டோக்களைக் காப்பி செய்துகொண்டு, 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றும் 4 ஜிபி டி.டி.ஆர்.3 ராம் ஒன்றும் வாங்கிப் போட்டேன். அப்போது இரண்டும் சேர்ந்து 3 ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. (2025 இறுதியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை ஏறியது. வாங்கும் அன்று விலையை விசாரித்துக்கொள்ளவும்.)

இந்த லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காது, அதற்கு டி.பி.எம். 2.0 சிப்பும் புதிய தலைமுறை பிராசசரும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிவதாக இருந்தது. அதனால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இன்ஸ்டால் செய்தேன். அரை நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்தது. பிரவுசர், டைப்பிங், கணக்குத் தாள் எல்லாம் தடையின்றி ஓடின. பேட்டரி மட்டும் செத்திருந்தது.

தங்கைக்கு முகம் வாடிவிட்டது. "அண்ணா, கிளாஸ்ல எல்லாரும் புதுசு வெச்சிருப்பாங்க" என்றாள். "ஒரு செமஸ்டர் ஓட்டிப் பார், அப்புறம் பேசலாம்" என்று நான் பெரிய மனிதனாகப் பேசிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் செய்த தவறு

நவம்பரில் போன் வந்தது. "அண்ணா, டேலி போடணும். இதுல ஏற மாட்டேங்குது." டேலி பிரைம் விண்டோஸில்தான் நேரடியாக இன்ஸ்டால் ஆகும். பி.காம். படிக்கும் பெண்ணுக்கு டேலி தேவைப்படும் என்று நான் யோசிக்கவே இல்லை. விளம்பரத்தை நான்கு முறை படித்த நான், அவளுடைய பாடத்திட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. புதியது என்றால் விளம்பரம் மயக்குகிறது. பழையது என்றால் நம் பாசம் மயக்குகிறது. இரண்டிலும் "என்ன வேலைக்கு?" என்ற கேள்வி காணாமல் போகிறது.

இந்த முறை அவளிடம் கேட்டே பட்டியல் போட்டோம்: விண்டோஸ் 11, டேலி, எக்செல், பஸ்ஸில் தூக்கிப் போக எடை குறைவு. ஏ.ஐ. ஸ்டிக்கர் இல்லாத, 8 ஜிபி ராமும் 512 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் கொண்ட லேப்டாப் 36 ஆயிரத்துக்குக் கிடைத்தது. பின்னால் ராம் கூட்ட ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. சித்தப்பா முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கினார், கடன் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. என்னென்ன சாஃப்ட்வேர் தேவை என்று முதலில் ஒரு தாளில் எழுதவும். கல்லூரி மாணவர் என்றால் பாடத்திட்டத்தைப் பார்க்கவும். வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட் போன்றவற்றுக்குப் பழைய லேப்டாப் சரிப்படாது, புதியதுதான் வேண்டும்.

2. ஏற்கெனவே விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒருசேர அழுத்தவும். கிடைக்கும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பிரிவைக் கிளிக் செய்திடவும். வேலை செய்யும்போது மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தொட்டால் ராம் போதவில்லை. டிஸ்க் அடிக்கடி 100 சதவீதம் காட்டினால் எஸ்.எஸ்.டி. மாற்றிப் பார்க்கலாம்.

3. ராம் கூட்ட முடியுமா, போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா என்று கேட்டு வாங்கவும்.

4. நட்சத்திரக் குறி எங்கே போய் முடிகிறது என்று படிக்கவும். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசு 2022 ஜூனில் விதிமுறைகள் வெளியிட்டது. ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

பழைய லேப்டாப் மீண்டும் பரணுக்குப் போகவில்லை. புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். இப்போது சித்தப்பா அதில் வெங்காயக் கணக்கு எழுதுகிறார். விதைக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு என்று தனித்தனிக் கட்டங்கள். போன வாரம் போனில், "கண்ணு, கூட்டித் தர்றதுக்கு ஏதோ ஃபார்முலா இருக்குதாமே, பாப்பா சொல்லுச்சு. எனக்கும் சொல்லிக்குடு" என்றார். சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்களேன்.