ஒளி பட்டால் பிரியும் மருந்துப் பொட்டலம்!

2021-ம் ஆண்டு, மே மாதம். கொரோனாவில் இருந்து பிழைத்து எழுந்தவர்களை இன்னொரு நோய் பிடித்துக்கொண்டது. அதுதான் கருப்பு பூஞ்சை.

மூக்கில் நுழையும். கண்ணுக்குத் தாவும். மூளைக்கும் போகும். உயிரைக் காப்பாற்றுவதற்காகப் பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது.

"ஆம்போடெரிசின்" என்ற மருந்தைத் தேடி, நோயாளிகளின் குடும்பத்தார் கடை கடையாக அலைந்தார்கள்.

இது பழைய மருந்து. வெனிசுலா நாட்டில், ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் இருந்து 1950-களில் எடுத்தது. பூஞ்சையைக் கொல்வதில் சூரன்! ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு. நோயாளியின் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும்.

தூரத்துப் பங்காளி

ஏன் அப்படி?

பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் ஒரு வகைக் கொழுப்பு உண்டு. மருந்து அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு சவ்வை ஓட்டை போடும். பூஞ்சை செத்துவிடும்.

மனிதனின் உயிரணுவிலும் ஏறக்குறைய அதே ஜாதிக் கொழுப்பு இருக்கிறதே! பாக்டீரியா நமக்கு அன்னியன். பூஞ்சையோ தூரத்துப் பங்காளி. பங்காளிக்கு விழும் அடியில் பாதி நம் முதுகிலும் விழுகிறது.

எனவே மருந்தை நுண்ணிய கொழுப்பு உருண்டைகளில் பொதிந்து ஊசி போட்டார்கள். ஓர் உருண்டையின் அகலம், ஒரு மில்லி மீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2021-ல் மக்கள் தேடி அலைந்தது இந்த உருண்டை மருந்தைத்தான். சிறுநீரகம் படும் பாடு குறைந்தது. அடியோடு தீரவில்லை.

தங்கம் செய்யும் வேலை

பூஞ்சை இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டலம் பிரிந்தால் எப்படி இருக்கும்? அதற்கு ஒளியைச் சாவியாக்கப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இருட்டில் டார்ச் விளக்கை விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். சிவப்பு ஒளி சதைக்குள் புகும் என்பதற்கு அதுவே சாட்சி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இன்னும் சற்று ஆழம் போகும்.

கொழுப்பு உருண்டையோடு நுண்ணிய தங்கத் துகளைச் சேர்க்கிறார்கள். நகைக்கடைத் தங்கமேதான்! விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். தேவைப்படுவது தூசியிலும் தூசி.

ஒளி பட்டதும் தங்கம் சூடாகும். உடம்பின் சூடு 37 டிகிரி. சுமார் 41 டிகிரியில் இளகும் கொழுப்பைத் தேர்ந்தெடுத்து உருண்டை செய்கிறார்கள். மார்கழியில் உறைந்த நெய், அடுப்பருகே வைத்ததும் இளகுமே, அப்படித்தான். உருண்டை இளகும். மருந்து வெளியே வரும். ஒளி படாத இடத்தில் பொட்டலம் பெரும்பாலும் பிரியாது.

இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. தோல், நகம் போன்ற இடங்களுக்கு ஒளி எளிதில் எட்டும். மூளைக்குள் இறங்கிவிட்ட பூஞ்சைக்கு, வெளியே இருந்து அடிக்கும் ஒளி போதாது. வேலை முடிந்த தங்கமும் சும்மா போவதில்லை. கல்லீரலில் போய் நெடுநாள் உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கிளப்பும் வழியையும் சேர்த்தே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.