எத்தனை பேர் இருந்தால் ஊருக்குச் சாலை வரும்?

ஓர் ஊருக்குத் தார்ச்சாலை வருமா என்பதில் அதிகாரிகள் முதலில் பார்ப்பது மக்கள்தொகையைத்தான். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. சமவெளியில் 500 பேர், மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் என்பது அதன் வரம்பு.

இந்த எண் வருவாய்க் கிராமத்துக்கானது அல்ல, குடியிருப்புக்கானது. ஒரு வருவாய்க் கிராமத்தில் 2,000 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் தாய்க்கிராமம், காலனி, ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு புதூர் என்று பிரிந்து கிடப்பார்கள். புதூரில் 180 பேர்தான் என்றால் அதற்குத் தனியாகத் தகுதி கிடையாது. ஆனால் 500 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள குடியிருப்புகளைச் சேர்த்து எண்ண விதியில் இடம் உண்டு. மலையில் இது 1.5 கி.மீ. பாதைத் தூரம். மனு எழுதும் ஊர்க்காரர்கள் இந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எந்த ஆண்டுக் கணக்கு என்பதும் முக்கியம். 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் 25,000 குடியிருப்புகளுக்குச் சாலை தருவதாகச் சொல்கிறது. அதற்கு அடிப்படை 2011 கணக்கெடுப்பு. அதன்பின் குடும்பங்கள் பெருகிய ஊர் காகிதத்தில் இன்னும் சின்ன ஊர்தான். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு 2027-க்குத் தள்ளிப்போனதால் இழப்பு இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான்.

பஸ் விவரமும் அந்த 2011 கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. பஸ் வராத ஊர் என்றால், பஸ் கிடைக்கும் இடம் 5 கி.மீ.க்குள்ளா, 5 முதல் 10-க்குள்ளா, அதற்கும் மேலா என்று மூன்றே பிரிவு. நாலு கிலோமீட்டர் தார் ரோடும், நடுவே காட்டாறு ஓடும் நாலு கிலோமீட்டரும் அதில் ஒன்றுதான். தாய்க்கிராமத்துக்கு பஸ் வந்தால் புதூருக்கும் சேர்த்து ‘உண்டு’ என்று பதிவாகிவிடும்.

மலையில் வனச்சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போய்ச் சேருமுன் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடியும் இடத்தோடு நின்றுவிட, மீதி மலைப்பாதையைத் தாய் குழந்தையைச் சுமந்தே நடந்து கடந்தார். இப்படி ஒரு சாவு நடந்த பிறகுதான் கோப்பு நகர வேண்டுமா? வன உரிமைச் சட்டம், 2006-இன்படி கிராமசபை பரிந்துரைத்தால் சாலைக்கு ஒரு ஹெக்டேர் வரை வனநிலத்தை ஒதுக்கலாம்; ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. ஐந்து மீட்டர் அகலச் சாலை என்றால் ஒரு ஹெக்டேரில் 2 கி.மீ. போடலாம். அதற்கு மேல் நிலம் வேண்டுமென்றால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட வழிதான்.

சாலை வந்துவிட்டாலே பஸ் வந்துவிடாது. ஒரு வண்டி போகும் அகலத்தில் ரோடு போட்டு, கடைசியில் பஸ் திருப்ப இடம் விடாவிட்டால் ஓட்டுநர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவார். வசூல் வராத தடம் என்றால் டிரிப்பைக் குறைப்பார்கள். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; பஸ்ஸே எட்டிப் பார்க்காத ஊரின் பெண்ணோ ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத்தான் வேலைக்குப் போகிறாள். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் இத்தகைய ஊர்களை மனத்தில் வைத்ததுதான். அதனால் தடம் குறிக்கும் நேரத்திலேயே கேட்பது நல்லது.

கிராமசபையில் ‘எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். குடியிருப்பின் பெயர், தலைக்கணக்கு, நடக்கும் தூரம், மழையில் பாதை துண்டிக்கப்படும் இடம் எல்லாவற்றையும் தீர்மானத்தில் சேருங்கள். கூடவே நேரத்தையும் குறியுங்கள்: பள்ளி மணி அடிக்குமுன் பிள்ளைகளைக் கொண்டுசேர்க்க காலையில் ஒரு டிரிப், இருட்டுவதற்குள் திரும்ப மாலையில் ஒரு டிரிப்.