கற்பிக்க வந்தவர் கற்ற ஊர்

பிறநாட்டுக் கல்லூரியொன்றில் ஓராண்டோ ஈராண்டோ மொழித் துணையாசிரியராக இருந்து வருவது இன்று மாணவர் பலருக்கு விருப்பமான தொழில். பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் தம் தாய்மொழியைப் பேசிக் காட்டவும், பிழை திருத்தவும், உச்சரிப்புப் பழக்கவும் வேற்றூருக்குச் செல்கிறார். இங்கிலாந்தும் பிரான்சும் இவ்வாறு இளைஞரைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெற் 1928ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கல்விநிலையமொன்றில் இத்தகைய பணியே செய்தார். யப்பான் அரசாங்கம் 1987 முதல் ஆண்டுதோறும் பல நாட்டு இளைஞரைத் தன் பாடசாலைகளுக்கு அழைத்து வருகிறது.

ஆயினும் இத்தொழிலின் இன்பதுன்பங்களை அறிய யாழ்ப்பாணத்தார் பாரிஸ் வரை போகவேண்டியதில்லை. சங்கானையிலிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் போதும். அங்கே இருக்கிறது பண்டத்தரிப்பு.

ஊரும் பெயரும்

பண்டங்கள் தரித்து நின்ற இடமாதலால் பண்டத்தரிப்பு என்னும் பெயர் வந்தது என்பர். வடக்கே மாதகல் கடற்றுறை, சுற்றிலும் பனங்கூடல், இடையே செம்மண் தோட்டங்களும் கிணறுகளும். கடல் வழியாக வந்த பண்டங்களோடு மொழிகளும் இவ்வூரிலே தரித்து நின்றன என்பது வரலாறு கூறும் செய்தி.

போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் இங்கே கோயிலும் பாடசாலையும் இருந்தன. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது அவர்களுடன் வந்த பிலிப்பஸ் பால்தேயஸ் என்னும் போதகருக்கு அப்போது வயது இருபத்தைந்து. வலிகாமத்து ஊர்களின் பாடசாலைகளைப் பார்வையிடுவது அவருக்கு இடப்பட்ட பணிகளில் ஒன்று. ஊர் திரும்பியபின் 1672இல் அவர் அச்சிட்ட பெருநூலில் தமிழெழுத்துக்களையும் இலக்கணக் குறிப்புக்களையும் சேர்த்தார். பண்டத்தரிப்புக் கோயிலின் சித்திரமும் அந்நூலில் உண்டு.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டின் பின் வந்தவர்களே நம் கதைக்கு உரியவர்கள்.

ஆறு மாதக் கடல்

1819ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆந் திகதி அமெரிக்காவின் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து 'இந்தஸ்' என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் நான்கு இளந் தம்பதியர் இருந்தனர். மைரன் வின்சுலோ, லீவை ஸ்போல்டிங், ஹென்றி உட்வார்ட், ஜோன் ஸ்கடர் என்போரும் அவர்தம் மனைவியருமே அவர்கள். ஸ்கடர் நியூயோர்க் நகரத்தில் நன்றாகத் தொழில் நடத்திய வைத்தியர். வயது இருபத்தைந்து. கல்கத்தாவைச் சுற்றிக்கொண்டு இலங்கை வந்து சேர ஏறத்தாழ ஆறு மாதம் சென்றது. வழியிலே கல்கத்தாவில் ஸ்கடர் தம்பதியர் தங்கள் சிறு மகளை நோய்க்குப் பறிகொடுத்தனர்.

இன்று ஒரு பெண்பிள்ளை தொறொன்ரோவுக்குப் போனால் அன்றிரவே தாயின் முகத்தைக் கைப்பேசியிற் பார்த்துப் பேசுகிறாள். அன்றோ 'சுகமாக வந்து சேர்ந்தோம்' என்று எழுதிய கடிதம் பெற்றோர் கையை அடைய அரை ஆண்டு. அதற்கு மறுமொழி வர இன்னும் அரை ஆண்டு. வேற்றூர்த் தனிமை என்பதன் அளவு அதுதான்.

அனுமதிச் சீட்டின் தொல்லையும் அக்காலத்திலேயே இருந்தது. இவர்களுக்கு உதவியாக 1820இல் ஜேம்ஸ் கரெற் என்னும் அச்சுத் தொழிலாளி அமெரிக்காவிலிருந்து வந்தார். இலங்கையை ஆண்ட ஆங்கில அரசாங்கம் அவர் தங்குவதற்கு இசையவில்லை. நாட்டைவிட்டுப் போகுமாறு கட்டளை பிறந்தது; அவர் பம்பாய்க்குச் சென்றார். அவருக்கென வந்த அச்சியந்திரம் நல்லூரில் இருந்த ஆங்கிலச் சபையார் கைக்கு மாறிற்று. முன்னரே வந்தவர்கள் தங்கலாம், புதியவர் வரலாகாது என்பதே அன்றைய விதி.

ஆசிரியரே மாணவர்

1820இல் ஸ்கடருக்கு ஒதுக்கப்பட்ட ஊர் பண்டத்தரிப்பு. பழைய கோயிற் கட்டடத்தையும் அதனைச் சேர்ந்த வீட்டையும் திருத்திக் குடியேறினார். அங்கேயே வைத்தியசாலையும் தொடங்கினார். பாடசாலைகளையும் மேற்பார்த்தார்.

ஆனால் வாய் திறந்து பேச மொழி வேண்டுமே! ஊர்ச் சிறுவர் மணலிலே விரலால் எழுதிப் பழகும் அகரத்தை நியூயோர்க் வைத்தியரும் முதலிலிருந்தே பழகவேண்டியவராயினார். லகர ளகர ழகரங்களும், ணகர னகரங்களும், ரகர றகரங்களும் ஆங்கில நாவுக்கு எளிதில் வசப்படுவன அல்ல. எழுத்து வசப்பட்ட பின்னர் வேறொரு மலைப்பு. ஏட்டிலே 'வருகிறான்' என்று கற்றவன் தெருவிலே 'வாறான்' என்று கேட்கிறான். ஏட்டிலே 'பேசினார்' என்றிருப்பது வாய்ப்பேச்சிலே 'கதைச்சார்' என்றாகிறது. ஒரே ஊரில் இரு தமிழ் கற்க வேண்டியிருப்பதை எந்த அந்நியனும் சில நாட்களுள் கண்டுகொள்வான்.

இவற்றிலும் நுட்பமானது மரியாதை. யாழ்ப்பாணத் தமிழில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படி உண்டு. சிறுவனுக்கு ஒன்று, ஒத்தாருக்கு ஒன்று, மூத்தாருக்கு ஒன்று. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். இலக்கண நூலைப் பார்த்து இந்தப் படிகளை அறியலாம். எந்த மனிதரிடம் எந்தப் படியில் நிற்பது என்பதை ஊரோடு பழகித்தான் அறிய முடியும்.

வைத்தியருக்கோ மொழிப்பிழை உயிரோடு தொடர்புடையது. நம்மவர் வலியை ஒரு சொல்லால் சொல்வதில்லை. உளைவு வேறு, குத்து வேறு, கடுப்பு வேறு, எரிவு வேறு, விறைப்பு வேறு. 'உளையுது' என்று ஒரு தாய் சொல்வதைக் 'குத்துது' என்று விளங்கிக்கொண்ட வைத்தியன் தவறான மருந்தைக் கொடுப்பான். ஆகவே நோயாளிகளும் அவருக்கு ஆசிரியராயினர் என்று சொல்வது மிகையன்று.

வீடும் பிள்ளைகளும்

இவ்வீட்டில் 1822இல் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் என்று பெயரிட்டனர். பண்டத்தரிப்பிற் பிறந்த அப்பிள்ளை சிறுவனாயிருக்கும்போதே படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். சிறு பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டுத் துறைமுகத்தில் நிற்பது எத்தகையது என்பதைப் போர்க்காலத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த நம் தாய்மாருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் வளர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்து தமிழில் நூல்கள் எழுதினார். ஆர்க்காட்டு மிஷனை நிறுவியவரும் அவரே. 1900இல் வேலூரில் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், பண்டத்தரிப்பு வைத்தியரின் பேர்த்தி.

உடன் வந்தவருள் ஹரியற் வின்சுலோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். ஒன்பதாண்டுகளின் பின் அங்கேயே காலமானார், வயது முப்பத்தாறு. ஸ்போல்டிங் ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து 1873இல் உடுவில் மண்ணிலேயே அடக்கமானார். ஓரிரு ஆண்டு கற்பித்துத் திரும்பும் இக்காலத்து வழக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை.

கைம்மாறாக நம் பிள்ளைகளும் ஒரு விலை கொடுத்தனர். விடுதியிற் படித்த மாணவர் பலருக்கு, பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்கள் இடப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களை நோக்குக. சிலர் அதனைப் பெருமையாகவும், சிலர் சுமையாகவும் கருதியிருப்பர். எவ்வாறாயினும் கல்விக்கு ஈடாகப் பெயரையே மாற்றிக்கொண்ட காலம் அது.

மறைவில் நின்ற சட்டம்பியார்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கற்பிக்க வந்தவர்களுக்குக் கற்பித்தவர் யார்?

திண்ணையில் ஓலையும் எழுத்தாணியும் வைத்துக்கொண்டிருந்த சட்டம்பியாரும், நிகண்டு மனனம் செய்த புலவரும், அருகிருந்து பிழை திருத்திய மாணவருமே. 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியில் 58,500 சொற்கள் இருந்தன. அதனைத் தொகுத்தவர் உடுவில் சந்திரசேகர பண்டிதர், துணைநின்றவர் ஸ்போல்டிங். இருபதாண்டின் பின் 1862இல் சென்னையில் அச்சான தமிழ்-ஆங்கிலப் பேரகராதி வின்சுலோவின் பெயராலேயே வழங்குகிறது. அதற்கு வித்திட்டவர் ஜோசப் நைற் என்னும் போதகர். சென்னைப் புலவர் இராமாநுச கவிராயர் வின்சுலோவுக்குத் துணைபுரிந்தார். அகராதியைப் புரட்டுவோரில் எத்தனை பேர் கவிராயரை நினைக்கின்றனர்?

துணையாசிரியர் என்னும் சொல்லில் வரும் 'துணை' ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று என்பதே நாம் கருத வேண்டியது.

இதற்கு மிகச் சிறந்த சான்று நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இல், ஹென்றி ஸ்கடர் பிறந்த அதே ஆண்டில், பிறந்தவர் அவர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, இருபது வயதை அணுகும்போது அங்கேயே ஆசிரியரானார். பாடசாலைத் தலைவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ்த்துணையாக நின்று விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தார். பின்னர் அப்பணியை விட்டு, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை நிறுவினார். வகுப்பு முறையையும் அச்சுத் தொழிலையும் எளிய உரைநடையையும் தம் சமயத்துக்கும் தம் மொழிக்கும் கருவியாக்கினார். மொழி கற்பிக்க அமர்த்தப்பட்ட இளைஞர், அமர்த்தியவருக்கு எதிரே தனியொரு பள்ளியை எழுப்பினார். மரியாதை குறையாமலும் தம் கொள்கையை விட்டுக்கொடாமலும் ஒருவரோடொருவர் பணிபுரிந்த வரலாறு அது.

எதிர்த்திசையிற் சென்றவர்

வருவோர் மட்டும் இருந்தனர் என்று எண்ணவேண்டாம். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்தவர். கோப்பாயில் சிறிது காலம் ஆசிரியராயிருந்தபின், பேர்சிவல் அழைக்க இளவயதிலேயே சென்னை சென்றார். அங்கே தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தினார். இராசதானிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். ஆங்கில அதிகாரிகளுக்கும் தமிழாசிரியராயினார் என்று அவர் வரலாறு கூறும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் அவர். மற்றவர் மேலே சொன்ன விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவரே. பின்னாளில் தொல்காப்பியவுரைகளையும் கலித்தொகையையும் தேடி அச்சேற்றிய பெருமை தாமோதரம்பிள்ளைக்கு உண்டு. வேற்றூரில் மொழி கற்பிக்கப் போன இளைஞர், அங்கே தம் மொழியின் மறைந்த செல்வத்தையே கண்டெடுத்தார்.

இன்று போவோருக்கு

இக்காலத்தில் தொறொன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் நடைபெறுகின்றன. வாரநாட்களில் வேறு தொழில் பார்க்கும் இளைஞரும் இல்லத்தரசியரும் அங்கே தமிழ் கற்பிக்கின்றனர். அவர்கள் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு ழகரம் வராது; 'நீர்' என்னும் சொல் விளங்காது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பண்டத்தரிப்பில் அமெரிக்கர் பட்ட பாட்டையே இன்று நம் பேரப்பிள்ளைகள் படுகின்றனர். வேற்றூரில் கற்பிக்கப் போகும் மாணவர் பண்டத்தரிப்பிலிருந்து சில பாடங்களை எடுத்துச் செல்லலாம்.

போன ஊரின் மொழியை முதல் நாளிலிருந்தே கற்கத் தொடங்குக. மாணவரின் நாவு எங்கே இடறுகிறது என்பது, தம் நாவு இடறியவருக்கே தெரியும். புத்தக மொழியோடு நில்லாது சந்தை மொழியையும் கேட்டுப் பழகுக. முகவரி கேட்பதும், வாடகை பேசுவதும், வைத்தியரிடம் வலியைச் சொல்வதும் அம்மொழியிற்றான் நிகழும். அவ்வூர் மரியாதைப் படிகளை அறிந்த முதியவர் ஒருவரைத் துணையாகக் கொள்க. உங்களுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தவர்களின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவும் தவறாதீர்.

குடும்பத்தாரும் ஒன்று செய்யலாம். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் போன பாட்டன்மார் இல்லாத வீடு வலிகாமத்தில் அரிது. அவர்கள் எழுதிய கடிதங்கள் பெட்டகத்தில் இருந்தால் எடுத்து வாசியுங்கள். அவர்கள் யாரிடம் மலாய் மொழி கற்றனர், யாருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தனர் என்பதை முதியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அகராதியின் முகப்பில் இடம்பெறாத பெயர்கள் வீட்டுக் குறிப்பேட்டிலாவது நிலைக்கட்டும்.