ஜீரோ கேட் க்யூவும் ஃபயர்வால் கணக்கும்!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வழியா பஸ்ஸில் காலேஜ் போற ஆளா நீங்க? அப்படின்னா எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை எண்ணியே பொழுதைப் போக்கியிருப்பீங்க. 2010-களில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் ஆரம்பிச்ச க்யூ, கிலோமீட்டர் கணக்கில் நீண்ட நாட்கள் நிறைய உண்டு. ரோடு இருக்கு, லாரி இருக்கு, உள்ளே கப்பலும் காத்திருக்கு. ஆனா கேட்டில் ஒவ்வொரு வண்டியா நிறுத்தி, பேப்பர், டிரைவர் பாஸ், கன்டெய்னர் நம்பர், சீல் எல்லாம் சரிபார்த்துத்தானே உள்ளே விடணும்?

அச்சு அசலா இதே சீன்தான் உங்க காலேஜ் நெட்வொர்க்கிலும் ஓடுது. அங்கே லாரிக்குப் பேர் பாக்கெட், கேட்டுக்குப் பேர் ஃபயர்வால். முன்னெல்லாம் ஃபயர்வால்னா ரேக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனிப் பெட்டி. இப்போ அது சாஃப்ட்வேரா, சர்வருக்குள்ளேயோ கிளவுடிலேயோ ஓடுது. அதுதான் விர்ச்சுவல் ஃபயர்வால். 'எவ்வளவு பெரிசா போடணும்?' என்ற கேள்விக்குப் பேர் சைஸிங். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஃபயர்வால் டெஃபனிஷனை உருப்போடுற நாம், இந்தக் கேள்வியைக் கண்டுக்கிறதே இல்லை!

விளம்பர நம்பரை நம்பாதீங்க!

டேட்டா ஷீட்டைத் திறந்தால் முதல் வரியிலேயே '10 ஜிபிபிஎஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சூப்பர்! ஆனா எந்த சைஸ் பாக்கெட்டை வெச்சு அளந்தாங்க?

ஈதர்நெட்டில் 1518 பைட் ஃபிரேம்களா அனுப்பினால், 10 ஜிபிபிஎஸ் லைன் நிரம்ப நொடிக்குச் சுமார் 8 லட்சத்து 12 ஆயிரம் போதும். அதே லைனில் 64 பைட் குட்டி ஃபிரேம்களா வந்தால்? நொடிக்கு 1 கோடியே 48 லட்சம்! கேட்டில் இருப்பவருக்கு லாரியின் நீளம் முக்கியமில்லை. 40 அடி டிரெய்லரா இருந்தாலும் குட்டியானையா இருந்தாலும் ஒரு வண்டிக்கு ஒரு செக்கிங். அந்த 1 கோடியே 48 லட்சத்தை ஒரே சி.பி.யு. கோர் சமாளிக்கணும்னா, ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோ செகண்ட். 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது வெறும் 200 கிளாக் சைக்கிள்தான். அதனால ஜிபிபிஎஸ் மட்டும் பார்க்காம, நொடிக்கு எத்தனை பாக்கெட் என்றும் கேளுங்க.

சீலை உடைச்சுப் பார்த்தால்?

கேட்டில் பேப்பரைப் பார்ப்பது ஒரு வேலை. கன்டெய்னரைத் திறந்து ஒவ்வொரு அட்டைப் பெட்டியா பார்ப்பது வேற வேலை. ஃபயர்வாலும் அப்படித்தான். முகவரியும் போர்ட் நம்பரும் பார்த்து அனுப்புவது ஜுஜுபி. உள்ளே வைரஸ் இருக்கா, ஊடுருவல் முயற்சி இருக்கான்னு பார்க்கும்போதே வேகம் குறையும். இன்னிக்கு வெப் டிராஃபிக்கில் பெரும்பகுதி என்கிரிப்ட் ஆகித்தான் வருது. அதைப் பிரிச்சு, பார்த்து, திரும்ப மூடி அனுப்பணும்னா சி.பி.யு.வுக்கு மூச்சு வாங்கும். அதனாலதான் ஒரே ஃபயர்வாலுக்கு டேட்டா ஷீட்டில் மூணு நாலு வேகம் போட்டிருப்பாங்க. நீங்க பார்க்கவேண்டியது, எல்லாப் பாதுகாப்பையும் ஆன் செஞ்ச பிறகு வரும் கடைசி நம்பர்.

இதை அளக்க முறைப்படி விதிகளும் உண்டு. 2003-ல் வந்த ஆர்.எஃப்.சி. 3511 ஃபயர்வாலுக்கான அளவீட்டு முறையைச் சொன்னது. என்கிரிப்ட் ஆன டிராஃபிக்கையும் புதுத் தலைமுறை ஃபயர்வாலையும் சேர்த்து, 2023-ல் ஆர்.எஃப்.சி. 9411 அதன் இடத்தைப் பிடிச்சது. ரெண்டுமே இலவசம், டவுன்லோடு பண்ணிப் படிக்கலாம்.

மும்பையில் நின்ற கிரேன்கள்

'கொஞ்சம் ஸ்லோ ஆனா என்ன பாஸ், குடியா முழுகிடும்?' என்று கேட்கிறீங்களா? 2017 ஜூன் 27-க்குப் போவோம். உக்ரைனில் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியா கிளம்பிய நாட்பெட்யா, மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் நுழைஞ்சது. மேர்ஸ்க் குழுமம் நடத்தும் துறைமுக முனையங்கள் பல நாடுகளில் தடுமாறின. நம்ம நாட்டில், மும்பைக்குப் பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையமும் அதில் மாட்டிச்சு. 20 முதல் 30 கோடி டாலர் வரை இழப்பு இருக்கும்னு மேர்ஸ்க்கே அந்த ஆகஸ்ட்டில் சொன்னது.

அங்கே ஃபயர்வால் சைஸ் தப்புன்னு சொல்ல வரலை. அந்தக் கிருமி பரவிய விதத்தைப் பாருங்க. ஒரு மெஷினுக்குள் வந்ததும், உள் நெட்வொர்க்கிலேயே பக்கத்து மெஷின், அடுத்த மெஷின்னு தாவிச்சு. காம்பவுண்டு கேட் மட்டும் போதாது, உள்ளே ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு கதவு வேணும் என்பதுதான் பாடம். அந்த உள்கதவாத்தான் இன்னிக்கு விர்ச்சுவல் ஃபயர்வாலை அதிகம் போடுறாங்க. ஆனா சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே ஓடும் டிராஃபிக், இன்டர்நெட் லைனைவிடப் பல மடங்கு இருக்கலாம். இன்டர்நெட் வேகத்தை வெச்சு உள்கதவுக்கு சைஸ் போட்டால், முதல் திங்கட்கிழமையே க்யூ நிற்கும். போன் மேல போன் வரும். உடனே என்ன நடக்கும் தெரியுமா? 'அந்த செக்கிங்கை ஆஃப் பண்ணிடுப்பா!' அவ்வளவுதான், கதவு இருக்கு, காவல் இல்லை.

சைஸிங் தப்பானால் வேகம் போறதோட முடியாது. கடைசியில் பாதுகாப்பும் போயிடும்.

நாலு கேட் போட்டும் க்யூவா?

விர்ச்சுவல் ஃபயர்வாலில் இன்னொரு சிக்கல், அது வாடகை வீட்டுக்காரர். அதே சர்வரில் இருக்கும் மத்த விர்ச்சுவல் மெஷின்களும் அதே சி.பி.யு.வுக்குப் போட்டி போடும். காகிதத்தில் 8 வி.சி.பி.யு. இருக்கும், பீக் நேரத்தில் கைக்குக் கிடைப்பது பாதியா இருக்கலாம். ஹைப்பர் திரெடிங்கில் ஒரு கோர் ரெண்டா தெரிவதை நம்பி, வேகமும் ரெண்டு மடங்குன்னு கணக்குப் போடக் கூடாது. அதனால ஃபயர்வாலுக்கு கோர்களைத் தனியா ஒதுக்கிடுங்க. பாக்கெட்டுகள் விர்ச்சுவல் சுவிட்சைச் சுற்றி வராம நேரா நெட்வொர்க் கார்டிலிருந்து வர எஸ்.ஆர்.-ஐ.ஓ.வி. என்று ஒரு வழி இருக்கு, அதையும் பாருங்க.

அடுத்தது, ஒரு டிரெய்லரை நாலா வெட்டி நாலு கேட்டில் அனுப்ப முடியாது இல்லையா? ராத்திரி பேக்கப் மாதிரி ஒரே பெரிய கனெக்‌ஷன் பெரும்பாலும் ஒரே கோரில்தான் உட்காரும். வி.சி.பி.யு.வை எத்தனை கூட்டினாலும் அது வேகமாகாது.

கிளவுடில் கூட்டம் வந்தால் கூடுதல் ஃபயர்வால் தானா எழும்பும். நல்ல வசதிதான். ஆனா அது எழும்பி வர நேரம் ஆகும். அதோட, ஒரு கேட்டின் ரிஜிஸ்டரில் என்ட்ரி போட்டு உள்ளே போன லாரி, வேற கேட் வழியா வெளியே வந்தால் 'யாருப்பா நீ?'ன்னு நிறுத்துவாங்க. போகும் பாக்கெட்டும் திரும்பும் பாக்கெட்டும் ஒரே ஃபயர்வால் வழியா வர ஏற்பாடு வேணும்.

ஒரு கணக்கு போடலாமா?

மணலி பக்கம் 500 பேர் வேலை பார்க்கும் ஒரு கன்டெய்னர் யார்டை சும்மா கற்பனை பண்ணிக்கோங்க. பீக் நேரத்தில் ஆளுக்கு 2 எம்பிபிஎஸ், ஆக மொத்தம் 1 ஜிபிபிஎஸ். வருஷத்துக்கு 20 சதவிகித வளர்ச்சின்னா, 3 வருஷத்தில் 1.73 ஜிபிபிஎஸ். ஃபயர்வாலை 70 சதவிகிதத்துக்கு மேல் ஓட்டக் கூடாதுன்னு வெச்சா, 1.73-ஐ 0.7-ஆல் வகுங்க. வருவது சுமார் 2.5 ஜிபிபிஎஸ். இது, எல்லா செக்கிங்கும் ஆன் ஆன நிலையில் வேண்டிய வேகம்! நொடிக்கு 400 புது கனெக்‌ஷன், ஒவ்வொண்ணும் சராசரியா 60 நொடி நீடிக்குதுன்னா, ஒரே நேரத்தில் 24,000 செஷனை நினைவில் வைக்கணும். ரெண்டு ஃபயர்வால் ஜோடியா ஓடினால், ஒண்ணு படுத்தாலும் மத்தது முழுச் சுமையைத் தாங்கணும். அதனால 2.5 என்பது ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா!

வளர்ச்சியை முன்கூட்டியே யோசிக்கலைன்னா என்ன ஆகும்? துறைமுகம் - மதுரவாயல் உயர்மட்டச் சாலையைக் கேளுங்க. 2009-ல் அடிக்கல், 2012-ல் வேலை நிறுத்தம், 2022-ல் மறுபடி அடிக்கல். லாரிகள் அதுவரை காத்திருந்தது ரோட்டில்தான்.

ஃபைனல் இயர் ஆளுங்க கவனிங்க!

லேப்பில் ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வாலை விர்ச்சுவல் மெஷினா போடுங்க. ஐபெர்ஃப்3-ஆல் டிராஃபிக் அனுப்புங்க.

* முதலில் பெரிய பாக்கெட், அப்புறம் சின்ன பாக்கெட்.
* ஊடுருவல் தடுப்பு ஆஃப், அப்புறம் ஆன்.
* 1 வி.சி.பி.யு., 2, 4. ஒவ்வொரு தடவையும் சி.பி.யு. எவ்வளவு ஏறுதுன்னு குறிச்சுக்கோங்க.
* பக்கத்தில் இன்னொரு விர்ச்சுவல் மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்டு, திரும்ப அளந்து பாருங்க.

வர்ற நம்பர்களை ஒரு கிராஃபா போட்டால் உருப்படியான மினி புராஜெக்ட் ரெடி. இன்டர்வியூவில் 'ஃபயர்வால்னா என்ன?'ன்னு கேட்டால் பக்கத்து சீட்காரர் டெஃபனிஷன் சொல்லட்டும். நீங்க, 'எத்தனை பேருக்கு சார், எந்த செக்கிங் எல்லாம் ஆன்?'னு திருப்பிக் கேளுங்க!