தூக்கம் வேண்டாம் என்றார்!
குதூகலமும் சோகமும் மாறி மாறி வரும் நோய். அதை அடக்கி வாழ வழி உண்டு

இரவு மணி 2.

சோமனூர்ப் பக்கம் ஒரு வீடு. வீட்டை ஒட்டித் தறிக்கூடம். அங்கே 8 விசைத்தறிகள். எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தன. திடீரென்று ஒரு தறி மட்டும் ஓடும் சத்தம் கேட்டது. மனைவி திடுக்கிட்டு எழுந்து ஓடினாள்.

"ஏனுங்க, இன்னும் தூங்கலீங்களா?"

"தூக்கமா? அது எதுக்கு? இந்த எட்டுத் தறி எண்பது தறி ஆகப்போவுது, பாரு!"

அவர் தூங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. ஆனால் களைப்பே இல்லை. கண்ணில் ஒரு பளபளப்பு. ஒரு பேச்சு முடிவதற்குள் இன்னொரு பேச்சு.

மறுநாள் உறவினர்கள் வந்தார்கள். "மாப்பிள்ளைக்கு என்ன சுறுசுறுப்பு!" என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வாரத்தில் வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போயிற்று. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பணம் போயிற்று. தடுத்த மனைவி மீது சீறி விழுந்தார். அதற்கு முன் அவர் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னவர் அல்ல!

இரண்டு மாதம் கழிந்தது. அதே மனிதர் கட்டிலை விட்டு எழவில்லை. குளிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. "என்னால எல்லாருக்கும் கஷ்டம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இது ஒரே வீட்டில் நடந்த கதை அல்ல. இந்த நோய் வரும் பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து, ஒரு வீடாக இங்கே காட்டியிருக்கிறோம்.

என்ன நோய் இது?

இதை டாக்டர்கள் 'பைபோலார்' என்கிறார்கள். தமிழில் 'இருமுனை மனநோய்' என்று சொல்லலாம். மனம் ஒரு முனையில் அளவு மீறிப் பொங்கும். மறு முனையில் அடியோடு ஒடுங்கும். பொங்குவது பல நாட்கள் நீடிக்கும். ஒடுங்குவது வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட நீடிக்கும். இடையே அவர் எல்லோரையும் போலவே இருப்பார், வேலை பார்ப்பார், பிள்ளைகளோடு சிரித்துப் பேசுவார்.

இது சாபம் அல்ல. செய்வினை அல்ல. திமிரும் அல்ல. மூளையின் வேலையில் ஏற்படும் கோளாறு. பெரும்பாலும் வாலிப வயதில் தலைகாட்டும். சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு. ஆனால் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பது இல்லை. வராத பிள்ளைகளே அதிகம்.

மெச்சிய ஊர்

கோவை உழைப்பால் உயர்ந்த ஊர். 1888-ல் இங்கே முதல் பஞ்சாலை எழுந்தது. அன்று முதல் இன்று வரை, ஓயாமல் உழைப்பவனுக்குக் கொங்கு நாட்டில் தனி மரியாதை. பத்துத் தறி வைத்திருப்பவன் நூறு தறிக்கு ஆசைப்பட்டால், "கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டிக் கொடுப்போம்.

அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது! நோய் இங்கே உழைப்பாளி வேஷத்தில் வருகிறது. நாமும் கைதட்டி வரவேற்கிறோம்.

உழைப்பையும் நோயையும் எப்படிப் பிரித்து அறிவது?

உழைத்தவன் இரவில் கட்டை போலத் தூங்குவான். நோயாளிக்குத் தூக்கமும் வராது, களைப்பும் தெரியாது. உழைப்பவன் ஒரு திட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவான். நோயாளி காலையில் ஒரு திட்டம் போடுவார், மாலையில் வேறொன்று. உழைப்பவன் நாலு பேரிடம் யோசனை கேட்பான். நோயாளியிடம் 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் எரிந்து விழுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, "இவர் இப்படிப்பட்டவர் இல்லையே!" என்று வீட்டாரின் மனம் அடித்துக்கொள்ளும்.

அந்த எண்ணத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

யுத்தக் கைதி கண்ட மருந்து

இந்த நோய்க்கு ஒரு நல்ல மருந்து கிடைத்த கதை சுவையானது.

ஜான் கேட் என்பவர் ஆஸ்திரேலிய டாக்டர். இரண்டாம் உலக யுத்தத்தில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டார். சாங்கி முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்தார். விடுதலையாகி ஊர் திரும்பியதும், மெல்போர்ன் நகருக்கு அருகில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் சோதனைகள் செய்தார். லித்தியம் என்ற பொருளின் உப்பைச் சிறு பிராணிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். துள்ளித் திரிந்த பிராணிகள் சாந்தமாகிவிட்டன!

முதலில் தாமே அதை உட்கொண்டு பார்த்தார். தீங்கு இல்லை என்று கண்ட பிறகே நோயாளிக்குக் கொடுத்தார்.

அந்த முதல் நோயாளிக்கு வயது 51. ஐந்து ஆண்டுகளாக ஓயாத வெறி நிலையில் இருந்தவர். வீடு திரும்புவார் என்ற நம்பிக்கையையே எல்லோரும் விட்டிருந்தார்கள். 1948 மார்ச் மாதம் மருந்து தொடங்கியது. ஜூலை மாதம் அவர் வீட்டுக்குப் போனார். பழைய வேலையிலும் சேர்ந்தார்! 1949-ல் டாக்டர் கேட் இந்தச் செய்தியை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

லித்தியம் தரைக்குள் கிடக்கும் கல்லில் உள்ள ஒரு பொருள். 1817-ல் சுவீடன் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றும் இந்த நோய்க்குக் கொடுக்கப்படும் முக்கிய மருந்துகளில் அதுவும் ஒன்று. வேறு மருந்துகளும் இப்போது உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்லுவார்.

மாத்திரையை விட்டார்!

அந்த முதல் நோயாளியின் கதை அத்துடன் முடியவில்லை.

வீட்டுக்குப் போனவர் கொஞ்ச நாளில் மருந்தில் அசட்டையானார். பிறகு அடியோடு நிறுத்தினார். உடம்பு நன்றாக இருக்கிறது, மருந்து எதற்கு? பாவம், ஆறே மாதத்தில் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

மறுபடி மருந்து கொடுக்கப்பட்டது. மறுபடி தெளிந்தார். ஆனால் அந்தக் காலத்தில் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வழக்கம் இல்லை. அளவு மிஞ்சி அதுவே விஷமாகி, 1950-ல் அவர் இறந்தார்.

அவர் வாழ்க்கை நமக்கு இரண்டு பாடம் சொல்கிறது. 'நன்றாக இருக்கிறேன்' என்று மருந்தை நிறுத்தாதே. ரத்தப் பரிசோதனை இல்லாமல் மருந்தை விழுங்காதே. இன்று அந்தப் பரிசோதனை வந்துவிட்டது. அதனால் ஆபத்தும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இந்த நோயில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரம் எது தெரியுமா? எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும் நேரம்தான்! நோய் தொடங்கும்போதும் அப்படித்தான் தோன்றும். நோய் தணிந்த பிறகும் அப்படித்தான் தோன்றும்.

வீட்டார் செய்ய வேண்டியது

தூக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டால் அதுவே முதல் எச்சரிக்கை. உடனே டாக்டரிடம் போங்கள். நோய் உள்ளவருக்கு இரவு ஷிப்ட் ஆகாது. மில் வேலையானாலும் பனியன் கம்பெனி வேலையானாலும் பகல் வேலை கேட்டு வாங்குங்கள். சாராயம் கூடவே கூடாது.

அவர் தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். "மறுபடி வந்தால் செக் புத்தகத்தையும் பத்திரத்தையும் யார் வைத்துக்கொள்வது? எந்த டாக்டரிடம் போவது?" என்று அவர் வாயாலேயே முடிவு செய்யச் சொல்லுங்கள். பொங்கும் நேரத்தில் வாதாடிப் பயன் இல்லை.

லித்தியம் சாப்பிடுபவர் சித்திரை வெயிலில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். உணவில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. வாந்தி, பேதி, கடுமையான கைநடுக்கம், தள்ளாட்டம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும்.

"கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். கல்யாணம் மருந்து அல்ல. மறைத்துச் செய்தால் இரண்டு குடும்பங்களுக்குத் துன்பம்.

ஒடுங்கிக் கிடக்கும் காலத்தில் அவரைத் தனியே விடாதீர்கள். "சோம்பேறி" என்று ஏசாதீர்கள். பூச்சி மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். 'சாக வேண்டும்' என்று அவர் சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று தள்ளாதீர்கள். அந்த நிமிஷமே உதவி தேடுங்கள்.

கோயிலும் சங்கிலியும்

கோயிலுக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 2002-ல் அந்த ஆராய்ச்சி இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் வந்தது. சில வாரங்களில் நோயின் கடுமை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே விசேஷச் சடங்கு எதுவும் நடத்தவில்லை. அதட்டாத, அச்சுறுத்தாத, ஆதரவான இடம். அவ்வளவுதான்!

அன்புக்கு அத்தனை சக்தி. ஆனால் அன்பு மட்டும் போதாது. சாமி கும்பிடப் போகும்போது மாத்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு போங்கள்.

சங்கிலி மட்டும் கூடாது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின! நாடே கலங்கியது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

எங்கே போவது?

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. இந்த நோய் உள்ள 10 பேரில் 7 பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெரிந்தது. பணம் இல்லாததால் மட்டுமா? 'ஊர் என்ன சொல்லும்?' என்ற வெட்கமும் ஒரு காரணம்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற மாவட்டத்தார் தங்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். நேரில் போகத் தயக்கமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022-ல் தொடங்கிய அரசு உதவி இது. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

தறி நின்றது

அந்த வீட்டில் பிறகு என்ன நடக்கும்? மனைவி அவரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். சில மாதங்களில் மனிதர் மெள்ள மெள்ளத் தெளிவார். போன பணம் முழுதும் திரும்பாது. கடனைத் தவணையில் அடைப்பார்கள். எண்பது தறி வராது. எட்டுத் தறி ஓடும்.

இரவு 9 மணிக்குத் தறிக்கூடத்து விளக்கு அணையும். மனைவி தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"நல்லாத்தானே இருக்கிறேன்?"

"அதனாலதானுங்க கேக்கறேன்!"

அவர் சிரித்துக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வார். வீடு நிம்மதியாகத் தூங்கும்.