புத்தளத்து உப்பும் அதன் எசமானர்களும்

கறிக்கு எவ்வளவு உப்பு என்பதைச் சமைப்பவர் தீர்மானிக்கலாம். எந்த உப்பு என்பதைத் தீர்மானிப்பவர்கள் வேறு. இலங்கையின் புத்தளம் களப்பின் கரையில் இந்த அதிகாரம் பல கை மாறியிருக்கிறது.

கண்டி அரசுக்குச் சொந்தக் கடற்கரை இல்லாமற்போனது 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால். கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. சிலாபம், புத்தளம் உப்பளங்களில் உப்பெடுக்கக் கண்டியாருக்கு அனுமதி கிடைத்தது. மலைநாட்டின் சோற்றுப்பானை அன்றே கரையை நம்பி நின்றது. பின்னர் ஆங்கிலேயர் உப்பு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கினர்.

உப்பு விளைவதோ வெயிலின் தயவில். களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்துவார்கள். நீர் சுண்டிச் செறிவேறியதும் கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கும். அதை வாரிக் கரையில் குவிப்பார்கள். ஒரு பெருமழை போதும், பல வார உழைப்பு கரைந்துவிடும். புத்தளத்தை அடுத்த பாலாவிப் பக்கத்து உப்பளத்தாருக்கு இது புதிதல்ல.

1995இல் சமையல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமானது. கழலை நோயைத் தடுக்க எடுத்த நல்ல முடிவுதான். ஆனால் வாரிய உப்பு அப்படியே கடைக்குப் போக முடியாது. பொட்டாசியம் அயடேட் தெளிக்கும் ஆலையைத் தாண்டியே போக வேண்டும். பேரம் பேசும் பலம் ஆலை உள்ளவருக்கே அதிகம்.

2025இல் மழையால் விளைச்சல் குறைந்தபோது, இந்தியாவிலிருந்து உப்பை வரவழைக்கக் கொழும்பில் அமைச்சரவைதான் முடிவெடுத்தது.